மென்பொருள் உரிம ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன்பு உரிமை யாருடையது என்று உறுதிசெய்வது எப்படி?

2004இல் பைன் லேப்ஸ் நிறுவனமும் ஜெமால்டோ நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியன் ஆயிலின் எரிபொருள் அட்டைத் திட்டத்துக்கான மென்பொருளைப் பைன் லேப்ஸ் எழுதித் தர வேண்டும், உரிமை ஜெமால்டோவைச் சேரும் என்பது ஏற்பாடு. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளில் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. தகராறு முற்றி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காலம் குறிப்பிடாததால் சட்டப்படி அந்த உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கு மட்டுமே செல்லும், அதன் பிறகு உரிமை எழுதியவரிடமே திரும்பிவிட்டது என்று 2011இல் நீதிபதிகள் கூறினார்கள்.

அங்கே மோசடி எதுவும் நடக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவுதான். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் சட்டம் பேசத் தொடங்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு இந்திய வழக்கை நான் அறியேன்.

முதல் முறையாக மென்பொருளுக்கு உரிமம் கொடுக்கப் போகும் சிறு நிறுவனத்தார், உரிமம் வாங்கப் போகிறவர்கள், தனியாக நிரல் எழுதிக் கொடுக்கும் ஃப்ரீலான்சர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அடிப்படை இந்தியச் சட்டம். வெளிநாட்டு வழக்குகளைப் பாடம் தெளிவாக இருக்கும் இடங்களில் மட்டும் எடுத்திருக்கிறேன். பெரிய தொகை புழங்கும் ஒப்பந்தமானால் கடைசி வரைவை வழக்கறிஞர் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும். அவரிடம் போகும்போது நம் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

படி 1: விற்கிறீர்களா, பயன்படுத்த விடுகிறீர்களா என்று முடிவுசெய்யுங்கள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. நிரலை எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. பேட்டன்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதனால் இங்கே மென்பொருள் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிப்புரிமையைச் சுற்றியே அமைகின்றன.

அந்தப் பதிப்புரிமையை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். உரிமையையே எழுதிக் கொடுத்துவிடுவது ஒன்று; சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்த மட்டும் அனுமதிப்பது மற்றொன்று. அதுதான் உரிமம், 30ஆம் பிரிவு. பேச்சுவார்த்தையில் இரண்டும் கலந்துவிடும். "காசு கொடுக்கிறோம், மென்பொருள் எங்களுக்குத்தானே" என்று வாடிக்கையாளர் கேட்பார். "ஆமாம் சார்" என்று விற்பனைப் பிரிவில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். ஒருவர் வீட்டை வாங்கியதாக நினைப்பார், மற்றவர் வாடகைக்கு விட்டதாக நினைப்பார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு கேள்வி போதும்: "இதே மென்பொருளை நாளைக்கு நான் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?" கொடுக்கலாம் என்றால் அது சாதாரண உரிமம். கூடாது என்றால் தனியுரிமமாகவோ முழு உரிமை மாற்றமாகவோ இருக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏற வேண்டும். 1981இல் மைக்ரோசாஃப்ட் இந்த இரண்டையும் ஒரே பொருளில் செய்தது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து 86-டாஸ் இயங்குதளத்தை 50,000 டாலருக்கு உரிமையோடு வாங்கிக்கொண்டது. ஐபிஎம்முக்கு அதைக் கொடுத்தபோது உரிமமாக மட்டும் கொடுத்தது. மற்றக் கணினி நிறுவனங்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் பின்னாளைய வளர்ச்சிக்கு அடித்தளம் இந்த வேறுபாடுதான்.

படி 2: ஒவ்வொரு பகுதியையும் எழுதியவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்று எடுக்கிறோம். மென்பொருளுக்கு வில்லங்கச் சான்று தரும் அலுவலகம் எதுவும் இல்லை. அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்.

உங்கள் மென்பொருளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள். பகுதியின் பெயர், எழுதியவர், எழுதிய காலம், அப்போது அவர் நிறுவனத்தில் என்னவாக இருந்தார், உரிமை பற்றிக் கையில் இருக்கும் ஆவணம் என ஐந்து பத்திகள் போதும். யார் எந்த வரியை எந்தத் தேதியில் எழுதினார் என்பதை, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் கிட் கருவியின் பதிவேடு சொல்லிவிடும். ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொண்டால் தாளில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: "ரசீது அச்சிடும் பகுதி, வெளியாள் ஒருவர், 2022 மார்ச் முதல் ஜூன் வரை, ஃப்ரீலான்சர், மூன்று இன்வாய்ஸ்கள், வாட்ஸ்அப் உரையாடல், ஒப்பந்தம் இல்லை." இப்படி ஒரு வரி இருந்தாலே அந்த மென்பொருளை "முழுக்க எங்களுடையது" என்று சொல்லி உரிமம் கொடுக்க முடியாது.

ஏன் முடியாது? 17ஆம் பிரிவின்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் தன் வேலையின் ஒரு பகுதியாக எழுதியது முதலாளியைச் சேரும். வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய இது செல்லும். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன திரைப்படம் ஆகியவற்றில் காசு கொடுத்தவருக்கே உரிமை என்று அதே பிரிவு வேறோர் இடத்தில் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கணினி நிரல் இல்லை. ஆகவே முழுக் கூலியையும் கொடுத்துத் தீர்த்திருந்தாலும், எழுதி வாங்காதவரை அந்த ஃப்ரீலான்சரே பதிப்புரிமைக்குச் சொந்தக்காரர். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. என் பார்வையில் இது நியாயமான விதிதான். உழைத்தவரின் உரிமை அவர் கையெழுத்தில்லாமல் கைமாறக் கூடாது.

சிக்கல் ஒளிந்திருக்கும் வேறு இடங்களும் உண்டு. நிறுவனம் பதிவாவதற்கு முன்பே நிறுவனர்கள் எழுதிய நிரல் நிறுவனத்துடையது அல்ல. அது அந்தந்த நிறுவனருடையது. தொடங்கிய சில மாதங்களில் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன பங்காளி எழுதியது அவருடனேயே போயிருக்கும். சம்பளமில்லாத இன்டர்ன் மாணவரைச் சட்டம் ஊழியராகவோ பயிற்சியாளராகவோ ஏற்குமா என்பது வாதத்துக்குரியது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய திட்டமானால் கல்லூரியின் கொள்கை, நிதி கொடுத்த அமைப்பின் நிபந்தனை இரண்டையும் படிக்க வேண்டும். நிறுவனர் முன்பு வேலை பார்த்த இடத்தின் நியமன ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். பணியில் இருக்கும் காலத்தில் எழுதியதெல்லாம் தங்களுடையது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். ராஜினாமா செய்த தேதியும் முதல் நிரல் எழுதிய தேதியும் ஒன்றோடொன்று மோதினால் பேச்சுவார்த்தையைத் தொடருவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

ஓட்டை தெரிந்தால் உடனே அடையுங்கள். அந்த ஃப்ரீலான்சரைத் தேடிப் பிடித்து, நியாயமான ஒரு தொகை கொடுத்து, உரிமை மாற்றப் பத்திரம் எழுதி வாங்குங்கள். பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தம் கைகூடியது என்ற செய்தி வெளியே வருவதற்கு முன்பு செய்வது நல்லது. நல்லுறவு இருக்கும்போது எளிதாகக் கிடைக்கும் கையெழுத்து, பணம் வந்த செய்தி கேட்ட பிறகு எளிதில் கிடைக்காது. ஆளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, அல்லது அவர் மறுக்கிறார் என்றால் அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு, பழைய நிரலைக் கண்ணால் பார்க்காத ஒருவரைக் கொண்டு புதிதாக எழுத வையுங்கள். செலவுதான், ஆனாலும் வழக்கைவிடக் குறைவு.

நீங்கள் உரிமம் வாங்குகிறவராக இருந்தால் இதே தாளை எதிர்த்தரப்பிடம் கேளுங்கள். தயங்காமல் நீட்டுகிறவரை நம்பலாம். மழுப்பினால் ஒப்பந்தத்தின் இழப்பீட்டுப் பகுதியைக் கடுமையாக்குங்கள்.

படி 3: எழுதி வாங்கும்போது எதையும் ஊகத்துக்கு விடாதீர்கள்

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவற்றைக் குறிப்பிட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. குறிப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதுவே சொல்கிறது. காலம் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதபோது, உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி விதியை மறந்துவிடக் கூடாது. 30ஏ பிரிவின் வழியே இதே விதிகள் உரிமங்களுக்கும் தேவையான மாற்றங்களுடன் பொருந்துகின்றன. ஆகவே இது விற்பவர்களின் கவலை மட்டுமல்ல.

மேலே சொன்ன ரசீதுப் பகுதிக்கு எழுதி வாங்க வேண்டிய வாசகத்தின் சாரம் இப்படி இருக்கும்:

"இணைப்பு 1இல் கண்ட நிரல்களின் பதிப்புரிமை முழுவதையும், இப்பத்திரத்தின் வாயிலாக இப்போதே, பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், உலகின் எல்லா நாடுகளுக்கும், எழுதியவர் நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறார். ஓராண்டுக்குள் நிறுவனம் இவ்வுரிமையைப் பயன்படுத்தாவிட்டாலும் 19(4) பிரிவின் காரணமாக இம்மாற்றம் காலாவதியாகாது."

இதில் "இப்போதே மாற்றித் தருகிறார்" என்பதைக் கவனியுங்கள். "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறார்" என்று எழுதினால் அது பின்னொரு நாள் செய்யப்போகும் காரியத்துக்கான வாக்குறுதி மட்டுமே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எதிர் ரோஷ் வழக்கின் முடிச்சு இதுதான். பேட்டன்ட் பற்றிய வழக்கு அது. ஓர் ஆய்வாளர், தன் கண்டுபிடிப்புகளைத் தர ஒப்புக்கொள்வதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு வேறொரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, இதன்மூலம் இப்போதே மாற்றித் தருகிறேன் என்ற வாசகத்தில் கையெழுத்திட்டார். இரண்டாவது தாள்தான் நின்றது; 2011இல் பல்கலைக்கழகம் தோற்றது.

இனி எழுதப்போகும் நிரலுக்கும் முன்கூட்டியே எழுதி வாங்கலாம். படைப்பு உருவான பிறகே அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் திட்டம் முடிந்ததும் ஒப்படைத்த நிரலின் பட்டியலோடு ஓர் உறுதிக் கடிதமும் வாங்கி வைப்பது நல்ல பழக்கம். இணைப்பு 1இல் "பில்லிங் மென்பொருள்" என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். கிட்டில் நிரல் இருக்கும் களஞ்சியத்தின் முகவரி, கடைசி கமிட்டின் (பதிவான கடைசி மாற்றத்தின்) எண், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஃப்ரீலான்சர்களுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்திட்ட அன்றே உரிமை போய்விடும் என்ற வாசகத்தை அப்படியே ஏற்காதீர்கள். "கடைசித் தவணை கைக்கு வந்த நாளில் மாறும்" என்று திருத்திக் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் இதை மறுக்காது.

முத்திரைத் தாள் விஷயத்தில் அசட்டை வேண்டாம். முத்திரைத் தீர்வை சரியாகச் செலுத்தாத பத்திரத்தைத் தீர்வையும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

படி 4: திறந்த மூல நிரல்களைக் கணக்கெடுங்கள்

இன்றைக்கு எந்த மென்பொருளும் முழுக்க நாமே எழுதியது கிடையாது. இணையத்திலிருந்து இழுத்துப் போட்ட நூலகங்கள், அதாவது பிறர் எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்த ஆயத்த நிரல்கள், உள்ளே இருக்கும். அவை இலவசம்தான், ஆனால் நிபந்தனையற்றவை அல்ல.

எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்கள் கேட்பது கொஞ்சம்தான்: பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் விடாமல் சேர்த்துக் கொடுங்கள் என்பதே அவற்றின் முக்கிய நிபந்தனை. ஜிபிஎல் குடும்பம் வேறு வகை. ஜிபிஎல் நிரலை உங்கள் நிரலோடு ஒன்றாகப் பிணைத்து வெளியாருக்கு விநியோகித்தால், அந்த முழுப் படைப்பின் மூலநிரலையும் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தையும்) அதே உரிமத்தில் பெறுநருக்குக் கொடுக்க வேண்டிய கடமை வருகிறது. சர்வரில் மட்டும் ஓடுகிறது, யாருக்கும் பிரதி கொடுக்கவில்லை என்றால் ஜிபிஎல் பெரும்பாலும் குறுக்கிடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏஜிபிஎல் உரிமம் அந்த வாசலையும் அடைத்துவிடுகிறது. நிரலை நீங்கள் மாற்றியமைத்திருந்தால், வலைப்பின்னல் வழியே அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலநிரலைத் தர வேண்டும்.

"இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்பவர்களுக்கு லிங்க்ஸிஸ் கதையைச் சொல்வேன். 2003இல் அந்நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள், ஜிபிஎல் உரிமத்தில் வரும் லினக்ஸ் இயங்குதளம் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎல் உரிமப்படி மூலநிரல் வெளியாகியிருக்க வேண்டும், வெளியாகவில்லை. லிங்க்ஸிஸ் நிறுவனத்தை அந்த ஆண்டுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. நிரலை வெளியிடும் பொறுப்பு புதிய முதலாளியின் தலையில் விழுந்தது. வெளிவந்த அந்த நிரலிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரவுட்டர் மென்பொருள் திட்டம் பிறந்து இன்றும் வாழ்கிறது. அதோடு முடியவில்லை. 2008இல், ஜிபிஎல் உரிமத்தை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்கே தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. நிறுவனத்தை விலைக்கு வாங்குகிறவருக்கு உள்ளே இருக்கும் உரிமக் கடன்களும் சேர்ந்தே வருகின்றன.

திறந்த மூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலா என்ற கேள்விக்கும் 2008இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் பதில் சொன்னது. ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கு, மாதிரி ரயில்களை இயக்கும் ஒரு சிறு மென்பொருளைப் பற்றியது. நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லாமல் நகலெடுத்ததாகக் கருத முடியும் என்றது தீர்ப்பு. பயன்பாட்டையே நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்தை நாடும் வழி அதனால் திறந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மென்பொருளில் உள்ள எல்லாச் சார்பு நூலகங்களையும் ஸ்கேன் செய்யும் கருவிகள் இருக்கின்றன. ஒன்றை ஓட்டி, பெயர், பதிப்பு எண், உரிமம் மூன்றையும் பட்டியலிடுங்கள். நேரடியாகச் சேர்த்தவற்றோடு, அவை இழுத்துவந்த குட்டி நூலகங்களையும் பாருங்கள். உரிமமே குறிப்பிடாமல் இணையத்தில் கிடக்கும் நிரல்தான் ஆபத்து அதிகமானது. உரிமம் இல்லை என்றால் அனுமதி இல்லை என்றே பொருள். பட்டியலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்துவிட்டால் பின்னால் "எங்களிடம் மறைத்தீர்கள்" என்ற பேச்சு எழாது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: முதல் முறை மீறியவர், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை திரும்பக் கிடைத்துவிடும். இரண்டாம் பதிப்பில் அந்தச் சலுகை இல்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தந்த நிரலையும் இதே தாளில் குறித்து வையுங்கள். கணினியால் உருவான படைப்புக்கு, அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்று இந்தியச் சட்டத்தின் 2(டி) பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது. அமெரிக்காவிலோ மனிதர் எழுதாததற்குப் பதிப்புரிமை இல்லை என்ற நிலைப்பாடு உறுதியாகி வருகிறது. அங்கே உள்ள வாடிக்கையாளருக்கு "ஒவ்வொரு வரியும் எங்கள் பதிப்புரிமை" என்று உறுதிமொழி கொடுப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள்.

படி 5: பழைய சரக்கையும் புதிய சரக்கையும் பிரியுங்கள்

சேவை நிறுவனங்கள் அதிகம் அடிபடும் இடம் இது. உங்களிடம் ஒரு லாகின் பகுதி இருக்கிறது. எல்லா வாடிக்கையாளர் திட்டத்திலும் அதையே போடுகிறீர்கள். புதிய வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் "ஒப்படைக்கப்படும் நிரல் அனைத்தின் உரிமையும் வாடிக்கையாளரைச் சேரும்" என்று இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டால் அந்த லாகின் பகுதியும் அவருடையதாகிவிடும். அடுத்த திட்டத்தில் அதைப் பயன்படுத்தினால், நீங்கள் எழுதிய நிரலை நீங்களே திருடியவராவீர்கள்.

எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே உங்களிடம் இருந்தவற்றைப் பட்டியலிட்டு, அவை உங்களிடமே இருக்கும் என்று எழுதுங்கள். வாடிக்கையாளருக்கு அந்தப் பகுதிகளில் நிரந்தரமான, தனியுரிமையற்ற உரிமம் கொடுங்கள். அவருக்காகவே எழுதிய பகுதிகளை மட்டும் முழுமையாக மாற்றிக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கும் இதில் நஷ்டமில்லை. மென்பொருள் ஓடுவதற்கு வேண்டியது அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

"கூட்டு உரிமையாக வைத்துக்கொள்வோம்" என்று பேச்சுவார்த்தையின் முடிவில் யாராவது சமரசம் பேசினால் ஏற்காதீர்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரைக் கேட்காமல் உரிமம் கொடுக்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. ஒருவர் உரிமையாளர், மற்றவருக்கு விரிவான உரிமம் என்பதே சுத்தமான ஏற்பாடு.

பிறகு எல்லைகள். எத்தனை பேர் பயன்படுத்தலாம், துணை நிறுவனங்களும் சேருமா, சொந்த சர்வரா கிளவுடா, வாடிக்கையாளர் நிரலை மாற்றலாமா, மாற்றினால் அந்த மாற்றம் யாருடையது, நிறுவனம் கைமாறினால் உரிமமும் கூடவே போகுமா என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். வாடிக்கையாளர் உள்ளிடும் தரவு அவருடையது என்பதற்கும் தனி வரி வேண்டும். சட்டம் தானாகவே தரும் சில அனுமதிகளும் உண்டு. சட்டப்படி பிரதி வைத்திருப்பவர் காப்பு நகல் எடுக்கலாம், மற்ற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது.

படி 6: உறுதிமொழிக்கும் இழப்பீட்டுக்கும் வரம்பு போடுங்கள்

உரிமம் தருபவர், "இது என்னுடையது, அல்லது இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று உறுதி கூற வேண்டும். மூன்றாம் நபர் ஒருவர் வந்து "இது என் நிரல்" என்று வழக்குப் போட்டால் செலவை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வாங்குகிறவர் இந்த இரண்டும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே கூடாது.

தருகிறவர் பக்கம் வேறு கவலை. பெரிய நிறுவனங்களின் அச்சிட்ட ஒப்பந்தங்களில் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே இருக்காது. பத்து லட்ச ரூபாய்த் திட்டத்துக்குக் கையெழுத்திட்டு, கோடிக்கணக்கில் பொறுப்பேற்கும் நிலை வரும். ஆண்டுக் கட்டணத்தின் இத்தனை மடங்கு என்று ஒரு வரம்பு கேளுங்கள். முதல் முறை மறுப்பார்கள். மறுபடி கேளுங்கள், பல நேரம் ஏதோ ஓர் எண்ணில் வந்து நிற்பார்கள். வாடிக்கையாளர் தானே செய்த மாற்றம், அவர் கொடுத்த வடிவமைப்பு, மற்ற மென்பொருளோடு அவர் சேர்த்துப் பயன்படுத்தியது ஆகியவற்றால் எழும் வழக்குகளை விலக்குங்கள். வழக்கு வந்தால் உடனே தகவல் தர வேண்டும், எதிர்வாதத்தை நடத்தும் பொறுப்பு உங்களிடம் இருக்க வேண்டும் என்பவற்றையும் சேருங்கள். சர்ச்சைக்குள்ளான பகுதியை மாற்றி எழுதுவது, உரியவரிடம் அனுமதி வாங்கித் தருவது, இரண்டும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவது என்ற வரிசையை எழுதி வைத்தால் இரு தரப்புக்கும் வழி தெரியும்.

படி 7: எதிர்த்தரப்பு மூழ்கினாலோ விற்கப்பட்டாலோ என்ன செய்வது?

வாங்கிய மென்பொருளின் நிறுவனம் மூடப்பட்டால் மூலநிரல் எங்கே கிடைக்கும்? தொழிலே அந்த மென்பொருளை நம்பியிருக்கிறது என்றால், மூலநிரலின் பிரதியை நடுநிலையான மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் எஸ்க்ரோ ஏற்பாட்டைக் கேளுங்கள். எந்தெந்தச் சூழலில் அது உங்களுக்கு விடுவிக்கப்படும் என்பதைத் திட்டவட்டமாக எழுதுங்கள். ஒவ்வொரு புதிய பதிப்பும் அங்கே போய்ச் சேர வேண்டும். பழைய பிரதி இருந்து பயனில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 365(என்) பிரிவு உரிமம் பெற்றவருக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. இங்கே அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தில் நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் கைமாறும்போது உரிமை எப்படிக் குழம்பும் என்பதற்கு யூனிக்ஸ் வழக்கைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 1995இல் நோவெல் என்ற மென்பொருள் நிறுவனம் தன் யூனிக்ஸ் இயங்குதள வணிகத்தைச் சாண்டா குரூஸ் ஆபரேஷன் நிறுவனத்துக்கு விற்றது. விற்பனையில் சேராதவை என்ற பட்டியலில் பதிப்புரிமைகள் அனைத்தும் இருந்தன. அடுத்த ஆண்டு ஒரு திருத்தம் அந்த வரியை மாற்றியது. ஆனால் பதிப்புரிமை மாறிவிட்டது என்று நேராகச் சொல்லும் பத்திரம் எதையும் யாரும் எழுதவில்லை. வணிகம் மறுபடி கைமாறி எஸ்சிஓ என்ற பெயரில் வந்தபோது, அந்நிறுவனம் லினக்ஸில் தன் யூனிக்ஸ் நிரல் இருப்பதாகச் சொல்லி 2003இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. "பதிப்புரிமை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது" என்றது நோவெல். 2007இல் எஸ்சிஓ திவால் பாதுகாப்பு கேட்டது. 2010இல் ஜூரி நோவெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தெளிவான ஒரு பத்திரம் 1995இலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

படி 8: பதிவும் நோட்டீஸும்

பதிவு கட்டாயமில்லை என்று முன்பே சொன்னேன். ஆனால் பதிப்புரிமைப் பதிவேட்டில் உள்ள விவரம் முதல்நோக்குச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை சரியென்று, எடுத்துக்கொள்ளப்படும். முக்கியமான மென்பொருளுக்குச் செய்துவிடுவது நல்லது. மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும், எதையும் மறைக்காமல், கொடுக்க வேண்டும். 20 பக்கத்துக்குக் குறைவானால் முழுவதையும் கொடுக்க வேண்டும் என்று 2021இல் திருத்தப்பட்ட விதி சொல்கிறது. ரகசியமான வழிமுறைகள் அந்தப் பக்கங்களில் விழுகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வரலாம். வந்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். கிட் பதிவேடு, மின்னஞ்சல், இன்வாய்ஸ், படி 2இல் தயாரித்த தாள், படி 3இல் வாங்கிய பத்திரங்கள் அனைத்தையும் பிரதி எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். எந்த வரிகள் தன்னுடையவை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். பொதுவாக "திருடிவிட்டீர்கள்" என்று மட்டும் சொல்லும் நோட்டீஸுக்குப் பதில் சொல்வதும் கடினம், பயப்படுவதும் தேவையற்றது. உங்கள் இழப்பீட்டு ஒப்பந்தத்தில் தகவல் தர வேண்டிய கெடு எத்தனை நாள் என்று பார்த்து, சம்பந்தப்பட்டவருக்கு உடனே எழுதுங்கள். அடிப்படையே இல்லாமல் மிரட்டுகிறார்கள் என்று உங்கள் ஆவணங்கள் காட்டினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் நீங்களே நீதிமன்றம் போகலாம். அந்த மிரட்டல் ஆதாரமற்றது என்று அறிவிக்கவும், அதைத் தொடரத் தடை விதிக்கவும், உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு பெறவும் கேட்கலாம்.